நாக்கடியில் இருந்த குண்டு

காற்றுத் துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். மரக்கட்டையின் பளபளப்பைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். விசையைத் தொட்டுப் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் ஏமாந்தேன். ஒரு தடவை இல்லை, எட்டுத் தடவை. நீங்கள் கேட்பது ஒன்பதாவதைப் பற்றி. வருகிறேன் சார்ஜென்ட். எட்டைச் சொல்லாமல் ஒன்பதைச் சொன்னால் உங்களுக்கு விளங்காது.

பெயர் ஹோரஸ் டிரான்டர். வயது அறுபத்தெட்டு. டட்லிக்குப் பக்கத்துச் சங்கிலிப் பட்டறையில் முப்பத்தோரு வருஷம் கப்பல் சங்கிலி அடித்தவன். பட்டறையை மூடி ஏழு வருஷம் ஆகிறது. மனைவி எனிட். அவளுடைய தம்பிதான் க்ளிஃப் புளூமர். பட்டறையில் எனக்கு அடுத்த உலை அவனுடையது. சம்மட்டிச் சத்தத்தில் அங்கே வேலை செய்த எல்லோருக்கும் காது பாதி போனது, க்ளிஃபுக்கு முக்கால் போனது. அவனிடம் பேசுவதென்றால் முகத்துக்கு நேராக நின்று கத்த வேண்டும். சிரித்துக்கொண்டே தலையாட்டுவான், பாதி விளங்கியிருக்காது.

நீங்கள் லண்டன் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர் என்றார்கள். அங்கே இந்த மணி ஆட்டம் கிடையாதாமே. எங்கள் ஊரில் பப்புக்குப் பப்பு உண்டு. பின்னறைச் சுவரில் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஓர் இரும்புத் தட்டு. நடுவில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை, அதற்குப் பின்னால் ஒரு மணி. ஆறு கஜ தூரத்தில் நின்று சுட வேண்டும். குண்டு ஓட்டைக்குள் போனால் மணி அடிக்கும், ஐந்து புள்ளி. தட்டில் பட்டால் எவ்வளவு தள்ளிப் பட்டதோ அதற்கேற்பக் குறையும். தட்டு முழுக்கப் பன்றிக் கொழுப்பும் வெள்ளைப் பொடியும் குழைத்த பசை பூசியிருக்கும், குண்டு பட்ட இடம் தெரிவதற்காக. பக்கத்தில் மரத் தடுப்புக்குப் பின்னால் ஒருவன் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். ஒவ்வொரு சூட்டுக்கும் தலையை நீட்டிப் பார்த்து, புள்ளியைச் சொல்லி, தூரிகையால் பசையை மெழுகிவிட்டு உள்ளே ஒதுங்குவான். அவன் சொன்னதுதான் தீர்ப்பு. எதிர்க் கேள்வி கிடையாது.

எங்கள் பப்பில் அந்த முக்காலி க்ளிஃபுடையது. எதிரணிக்காரர்கள்கூட அவன் உட்கார்ந்தால் எழுந்து போய்ப் பார்க்க மாட்டார்கள். "க்ளிஃப் பொய் சொன்னா அன்னைக்கு மழை மேலாக்க பெய்யும்" என்பார்கள். அவ்வளவு நல்ல பெயர் அவனுக்கு.

நான் இருபத்திரண்டு வருஷமாக அணியில் இருக்கிறேன். எட்டுப் பேர் அணி. புள்ளி குறைந்தவனை அணித் தலைவர் ரெஜ் ஹிங்லி தோளில் தட்டி முன்னறைக்கு அனுப்பிவிடுவார். அங்கே கணப்புக்குப் பக்கத்தில் டோமினோ ஆடுவார்கள். போனவர்கள் யாரும் பின்னறைக்குத் திரும்பி வந்ததில்லை. முன்னறை, பிறகு ஆஸ்பத்திரி, பிறகு கல்லறை, அவ்வளவுதான் வரிசை. வேலையும் போய், பிள்ளையும் இல்லாத மனிதனுக்கு வாரத்தில் ஆட்டம் நடக்கும் ஒரு வியாழக்கிழமைதான் மிச்சம். அதைப் பறிகொடுக்க எனக்கு மனமில்லை.

அதனால்தான் துப்பாக்கிகள். முதலாவது ஜெர்மனியில் செய்தது. கையில் எடுத்தால் பூ மாதிரி இருந்தது, சுட்டால் தாழப் போனது. இரண்டாவது ஹெரிபோர்டுக்காரன் ஒருவனிடம் வாங்கிய பழசு. ஒவ்வொரு சூட்டுக்கும் எண்ணெய் கருகிப் புகை வந்தது. ரெஜ், "என்ன ஹோரஸு, சுடுறியா, சமைக்கிறியா?" என்று கேட்டார். மூன்றாவதன் ஸ்பிரிங் முதல் பனிக்கே உடைந்தது. ஐந்தாவதில் தொலைநோக்கி இருந்தது, அழகாகத்தான் இருந்தது, ஆட்ட விதியில் அதற்கு இடமில்லை என்று கழற்றச் சொல்லிவிட்டார்கள். கழற்றியபின் அது வெறும் விறகு, ஆறாவது அதைவிட மோசம். ஏழாவது பத்திரிகை விளம்பரம் பார்த்து வரவழைத்தது. 'புத்தம் புதிது போல' என்று போட்டிருந்தான். குழலே கோணல்.

நாலாவதைச் சொல்லாமல் விட்டேன். அதைப் பரீட்சித்துப் பார்க்க ஏதாவது வேண்டியிருந்தது. க்ளிஃப் பந்தயப் புறா வளர்ப்பவன். அவன் வீட்டுக் கூண்டு எங்கள் மாடி ஜன்னலுக்குத் தெரியும். கூரையில் உட்கார்ந்திருந்த ஒரு நீலப் புறாவின் தலைக்குக் குறி வைத்தேன். இறக்கையில் பட்டது. அதுவும் ஏமாற்றம்தான். அன்று சாயங்காலம் க்ளிஃப் அந்தப் புறாவை அட்டைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தான். "பாருங்கத்தான், எந்தப் படுபாவி செஞ்சானோ. கொஞ்சம் புடிச்சுக்கோங்க, கட்டுப் போட்டுடறேன்" என்றான். பிடித்துக்கொண்டேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, புறாவுக்கு. ஒரு வாரம் உயிரோடு இருந்தது.

இதில் ஒரு விசித்திரம் இருந்தது. எந்தத் துப்பாக்கியானாலும் எங்கள் பப்பில் சுட்டால் மணி அடிக்கும். மற்ற பப்புக்குப் போய்ச் சுட்டால் அடிக்காது. வெளியூரில் இரண்டு, மூன்று, சில சமயம் சுவர். எங்கள் பப்பில் ஐந்து, ஐந்து, ஐந்து. மூன்று குளிர்காலம் தொடர்ந்து எங்கள் பப்பில் நடந்த ஆட்டங்களில் முதல் கோப்பை எனக்குத்தான் கொடுத்தார்கள். நான் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். துப்பாக்கி என்பது வீட்டுக் கோழி மாதிரி, தன் கூட்டில்தான் முட்டையிடும். வண்டியில் குலுங்கினால் ஸ்பிரிங் கலங்கிவிடுகிறது. குலுங்கினாலும் கலங்காத துப்பாக்கி ஒன்று எங்கேயாவது இருக்கும், தேடினால் கிடைக்கும் என்று நம்பினேன்.

எனிட் அப்படி நினைக்கவில்லை. "மொதல்ல கண் டாக்டரைப் போய்ப் பாருங்க. நேத்து உப்புன்னு சர்க்கரையை அள்ளி உருளைக்கெழங்குல கொட்டினீங்க. கையும் ஆடுது. ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம், அந்தக் கதையால்ல இருக்கு" என்பாள். இரண்டு டப்பாவும் ஒரே மாதிரி இருந்தால் யாருக்கும் அப்படி ஆகும்.

இப்போது போன பிப்ரவரி மாதத்துக்கு வருகிறேன்.

எங்களில் பழைய ஆட்கள் குண்டை வாயில் வைத்துக்கொள்வோம். ஈயக் குண்டு, பட்டாணியைவிடச் சிறிது. சட்டைப் பையில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், குழலை மடித்தவுடன் உதட்டிலிருந்து எடுத்துப் போட்டுவிடலாம். ஈயம் உடம்புக்கு ஆகாது என்று எனிட் திட்டுவாள். பழக்கம் விடாது. அந்த வியாழக்கிழமை எட்டாவது துப்பாக்கி, எங்கள் பப்பில்தான் ஆட்டம். நான்கு சூட்டுக்கு நான்கு மணி. ஐந்தாவதும் மணி. க்ளிஃப் தலையை நீட்டி, "அஞ்சு! பின்னிட்டீங்கத்தான்!" என்று கத்தினான். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். ரெஜ் ஒரு கோப்பைக் கறுப்பு பியரை நீட்டினார். குடிக்க வாயைத் திறந்தேன்.

குண்டு என் நாக்குக்கு அடியில் இருந்தது.

நான் அதைத் துப்பவில்லை. பியரோடு சேர்த்து விழுங்கவும் இல்லை. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு குடித்து முடித்தேன். ஐந்து குண்டு வாயில் போட்டேன், நான்கைச் சுட்டேன், ஐந்தாவது வாயிலேயே இருந்தது. துப்பாக்கியில் வெறும் காற்று. மணி அடித்தது.

எண்ணியதில் தப்பு இருக்கலாம் அல்லவா. அதனால் எங்கள் பப்பில் நடந்த அடுத்த ஆட்டத்தில் வேண்டுமென்றே மூன்றாவது சூட்டைக் குண்டில்லாமல் சுட்டேன். இந்த முறை கண்ணைத் தட்டில் வைக்கவில்லை, தடுப்பின் ஓரத்தில் வைத்தேன். துப்பாக்கி சத்தம் போட்டவுடன் ஒரு கட்டைவிரல் வெளியே வந்து, தட்டின் ஓரத்துக்குப் பின்னால் நுழைந்து மணியின் நாக்கைச் சுண்டிவிட்டு உள்ளே போனது. காது நன்றாகக் கேட்கிறவனாக இருந்தால் குண்டு தட்டில் மோதும் சத்தம் வரவில்லையே என்று உஷாராகியிருப்பான். க்ளிஃபுக்கு அது கேட்காது. தலையை நீட்டினான், தூரிகையால் ஒன்றுமில்லாத இடத்தை மெழுகினான். "அஞ்சு!" என்றான். முகம் முழுக்கச் சிரிப்பு.

வீட்டுக்குப் போய் மூன்று கோப்பைகளையும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். எனிட், "ஏங்க, தூசி துடைச்சீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அவனிடம் நேராகக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் சொல்வீர்கள். யோசித்துப் பார்த்தேன். இல்லை என்று சொன்னால் பொய். ஆமாம் என்று சொன்னால் அவன் என் தோளில் கை வைப்பான். அதற்குப் பிறகு நான் இந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பி நடப்பது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அவன் வழக்கம்போல வந்தான். எனக்கு எதிரில் உட்கார்ந்து இறைச்சியை வெட்டினான். நான் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நகக்கண்ணில் வெள்ளைப் பசை ஒட்டியிருந்தது, அவனுக்கு அது எத்தனை கழுவினாலும் போகாது. "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்திக்கோங்கத்தான், எளைச்சுப் போயிட்டீங்க" என்றான். ஊற்றிக்கொண்டேன். அப்போதுதான் முடிவு செய்தேன். கோபத்தில் செய்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. எனக்குக் கோபமே வரவில்லை.

ஒன்பதாவது துப்பாக்கியைத் திங்கட்கிழமை வாங்கினேன். அது மணி ஆட்டத் துப்பாக்கி இல்லை. எங்கள் ஆட்டத் துப்பாக்கிகள் எல்லாம் சோனி, அந்த இரும்புத் தட்டில் முப்பது வருஷத்தில் ஒரு பள்ளம்கூட விழுந்ததில்லை. இது பண்ணைகளில் வைத்திருக்கும் ரகம். கடைக்காரன், "எலிக்கா, முயலுக்கா பெரியவரே?" என்று கேட்டான். எலிக்கு என்றேன். "கிட்டக்க நின்னு சுட்டா மண்டை ஓட்டைப் பொத்துக்கிட்டுப் போயிடும், பாத்து" என்றான். முதல் தடவையாக விசையைத் தொட்டுப் பார்த்து வாங்கினேன். மெத்தென்று இருந்தது. பழைய துப்பாக்கியின் உறையில் போட்டுக் கொண்டு போனேன்.

வியாழக்கிழமை எல்லாம் வழக்கம்போலத்தான். ரெஜ் வறுத்த பன்றித் தோலைக் கொறித்துக்கொண்டே, "புதுசா இன்னொண்ணா? வீட்ல பொண்டாட்டி படுக்க எடம் இருக்கா?" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எட்டாவது ஆளாக என் முறை வந்தது. எனக்கு முன்னால் சுட்டவனின் புள்ளியைச் சொல்லிவிட்டு க்ளிஃப் தட்டை மெழுகிக்கொண்டிருந்தான். அவன் உள்ளே ஒதுங்கி முக்காலியைத் தட்டும் வரை யாரும் துப்பாக்கியைத் தூக்கக் கூடாது. எங்கள் ஆட்டத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விதி. நான் குழலை மடித்து, உதட்டிலிருந்து குண்டை எடுத்து, உள்ளே வைத்து, விரலால் தடவிப் பார்த்தேன். இருந்தது. தூக்கினேன். அவன் என்னைப் பார்த்துவிட்டான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். "பொறுங்கத்தான், ஒங்களுக்கு நல்லா மெழுகி வைக்கிறேன்" என்றான். சுட்டேன்.

மணி அடிக்கவில்லை. முக்காலி விழுந்த சத்தம்தான் கேட்டது. க்ளிஃப் கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, அத்தானை ஒண்ணும் சொல்லாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னான். அதற்குப் பிறகு பேசவில்லை. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தான். நான் தினமும் போனேன். திங்கட்கிழமை காலையில் முடிந்தது.

பிறகு நடந்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை சார்ஜென்ட். எல்லோரும் என்னிடம் அன்பாக இருந்தார்கள். ரெஜ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கை தவறிடுச்சு ஹோரஸு, யாருக்கும் நடக்கும். ஒன் எடம் அணியில அப்படியே இருக்கு" என்றார். பாதிரியார் சவப்பெட்டிக்குப் பின்னால் முதல் வரிசையில் என்னை நிற்க வைத்தார். உங்கள் இலாகாவின் நிபுணர் துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்து, விசை தயாரிப்பிலேயே பழுது, தானாகவே விழுந்திருக்கும் என்று எழுதிக் கொடுத்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். அந்தத் துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. என் வாழ்க்கையில் நான் வாங்கியதில் அது ஒன்றுதான் உருப்படி.

அடக்கம் முடிந்த மறுநாள் எனிட் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நான்தாங்க அவனைக் கெடுத்தேன். மூணு வருசத்துக்கு முன்னாடி ரெஜ்ஜு ஒங்களை முன்னறைக்கு அனுப்பறதா இருந்தாரு. நான்தான் க்ளிஃப் கால்ல விழாத கொறையாக் கேட்டேன். 'எப்படியாவது மணியை அடிச்சு விட்ருடா, அந்த மனுசனுக்கு வேற ஒண்ணுமே இல்லடா'ன்னு. பொய் சொல்ல மாட்டேன் அக்கான்னான். ஒரு வாரம் தூங்கல. அப்புறம்தான் ஒத்துக்கிட்டான். நான் சும்மா இருந்திருந்தா அவன் அந்தத் தட்டுப் பக்கத்துலேயே இருந்திருக்க மாட்டான். ரெஜ்ஜுக்கும் பாதி தெரியும். எல்லாம் ஒங்க மேல உள்ள பாசம்தாங்க."

நான் கெண்டியை அடுப்பில் வைத்து அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். அவள் அதை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள், ஆனால் ஒன்றும் சொல்லாமல் முழுவதையும் குடித்தாள். உப்பைப் போட்டிருக்கிறேன் என்று பிறகுதான் தெரிந்தது.

அன்று சாயங்காலமே உங்களிடம் வந்தேன். நீங்களும் அவர்களைப் போலத்தான் ஆரம்பித்தீர்கள். "வீட்டுக்குப் போங்க மிஸ்டர் டிரான்டர், துக்கத்துல பேசறீங்க" என்றீர்கள். எனக்கு விளங்கிவிட்டது. இப்போது ஊர் முழுவதும் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு எனக்காக மணியைச் சுண்டுகிறது. அதனால்தான் இவ்வளவு விவரமாகச் சொல்லுகிறேன். கை தவறவில்லை. விசை விழவில்லை. க்ளிஃபின் இடது கண்ணுக்குக் குறி வைத்தேன், இடது கண்ணில் பட்டது. இந்த மூன்று வருஷத்தில் யார் உதவியும் இல்லாமல் நான் போட்ட ஒரே ஐந்து அது.

அது என்ன இன்னொரு காகிதம்.

டாக்டர் எழுதியதா. படியுங்கள். கண்ணுக்குள்ளே வெள்ளைப் பசை இருந்தது என்கிறார். குண்டு ஒரு பக்கம் தட்டையாக நசுங்கியிருந்தது. தட்டின் ஓரத்தில் புதிதாக ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. அவன் தலை இருந்த இடத்துக்கு அரை அடி தள்ளி. அதாவது குண்டு முதலில் இரும்பில் பட்டு, அங்கிருந்து திரும்பித்தான் அவன் மேல் பாய்ந்தது என்கிறீர்கள். குறி வைத்திருந்தாலும் குறி தப்பியிருக்கிறது என்கிறீர்கள்.

அப்படி இல்லை. நான் சொல்கிறேன். க்ளிஃபின் கையில் எப்போதும் பசை இருக்கும், அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்குவான், எனிடைக் கேட்டுப் பாருங்கள். ஈயம் மெத்தென்றது, எலும்பில் பட்டாலும் நசுங்கும். பள்ளம் பழையதாக இருக்கும். முப்பது வருஷத்தில் பள்ளமே விழவில்லை என்று நான் சொன்னது ஒரு பேச்சுக்குச் சொன்னது. மேலே பசை பூசியிருந்தால் யாருக்குத் தெரியும்.

அந்த வரியை அடித்துவிடுங்கள். நேராகப் போய்ப் பட்டது என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் இப்போதே கையெழுத்துப் போடுகிறேன், தூக்கில் போடுகிற வழக்கம் இல்லாமல் போய்விட்டது, இல்லாவிட்டால் அதற்கும் சேர்த்தே போடுவேன். பேனாவைக் கொடுங்கள். போட வேண்டிய கோடு எங்கே இருக்கிறது என்று மட்டும் உங்கள் விரலை வைத்துக் காட்டுங்கள்.